நட்சத்திர அடுப்பு

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து, ஒரு திங்கட்கிழமை மத்தியானம், ரப்பர்த் தோட்டத்து ஸ்டோரில் கணக்கு எழுதும் கிராணி தர்மலிங்கம் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். இனிமேல் மனைவி புஷ்பவள்ளி எதைச் சொன்னாலும் அதற்கு நேர் எதிராகத்தான் செய்வது. கிழக்கே போங்கள் என்றால் மேற்கே போவது. உட்காருங்கள் என்றால் நிற்பது. சாப்பிட வாருங்கள் என்றால்... அதை மட்டும் அப்புறம் யோசித்துக்கொள்ளலாம்.

காரணம் இல்லாமல் இல்லை. மீசையை எடுத்தது அவள் சொல்லி. சீட்டாட்டத்தை விட்டது அவள் சொல்லி. குறட்டையைக்கூட அவள் சொன்னபடி வலதுபக்கம் திரும்பித்தான் விட்டுக்கொண்டிருந்தார்.

முடிவு அவருடையது. யோசனை பக்கத்து வீட்டு அழகேசனுடையது. அழகேசன் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர். தலைவலிக்கும் கால்வலிக்கும் ஒரே புட்டியிலிருந்து மருந்து ஊற்றுகிறவன்.

"அண்ணே, அக்கா பேச்சைக் கேக்காம இருந்தா மட்டும் பத்தாதுலா. மாத்திச் செய்யணும். அப்பத்தான் பயம் வரும்."

"யாருக்கு?"

"அக்காவுக்குத்தாண்ணே!"

"நீ உன் வீட்ல செஞ்சு பாத்தியா?"

"மருந்தை டிரெஸ்ஸரே குடிச்சுப் பாக்குற வழக்கம் இல்லைண்ணே."

செவ்வாய்க்கிழமை காலையில் வைத்தியம் ஆரம்பமானது.

"என்னங்க, மானம் கறுத்துக் கிடக்கு. கொடை எடுத்துட்டுப் போங்க" என்றாள் புஷ்பவள்ளி.

தர்மலிங்கம் குடையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். வெறுங்கையோடு படி இறங்கினார். ஸ்டோருக்குப் பாதி வழியில் வானம் பொத்துக்கொண்டது. நனைந்தது சட்டை; நிமிர்ந்தது தலை. அன்று முழுவதும் தும்மிக்கொண்டே கணக்கு எழுதினார். ஒவ்வொரு தும்மலும் வெற்றி முரசாகக் கேட்டது.

வியாழக்கிழமை புஷ்பவள்ளி சொன்னாள்: "கூரையில ஓட்டை. இருக்கட்டும், நீங்க ஏற வேணாம். வயசாச்சு." ஐந்து நிமிஷத்தில் தர்மலிங்கம் கூரைமேல் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சொன்னாள்: "கோழியெல்லாம் வேணாங்க, கத்தரிக்காயே போதும்." பத்து மணிக்குள் கோழி சட்டிக்குள் இருந்தது. தொடைக்கறியைப் புஷ்பவள்ளி தின்றாள். அவளுடைய தோல்வி முகத்தை ரசித்துக்கொண்டே அவர் கழுத்தெலும்பைக் கடித்தார். தோற்றவர்கள் இவ்வளவு நன்றாகச் சாப்பிடுவார்கள் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் அடுப்பு வந்தது.

அது மலாயாவில் எமர்ஜென்சி காலம். ஐம்பத்திரண்டாம் வருஷம். பீடோங்குக்கு நாலு கல் தள்ளியிருந்த அந்தத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தையும் கிராணி வீடுகளையும் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். ஒரே ஒரு கேட். சாயங்காலம் ஆறு மணிக்கு மூடினால் மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் திறக்கும். காட்டில் ஒளிந்திருந்த கலகக்காரர்களுக்குச் சாமான் போய்விடக் கூடாது என்று, போகிறவர் வருகிறவர் பையை எல்லாம் கேட்டில் கொட்டிப் பார்ப்பார்கள்.

தோட்டத்து வெள்ளைக்காரச் சின்னத்துரைக்கு இந்த வாழ்க்கை பிடிக்கவில்லை. சீமைக்கே திரும்பிப் போய்விட்டார். அவருடைய பத்தொன்பது பெட்டிகளையும் இரண்டு நாள் உட்கார்ந்து கட்டிக்கொடுத்தவர் தர்மலிங்கம். அதற்கு நன்றியாக, பங்களாச் சமையலறையிலிருந்த பழைய அடுப்பை அவருக்கே கொடுத்துவிட்டுப் போனார் துரை.

அடுப்பென்றால் சாதாரண அடுப்பில்லை. எரிவது மண்ணெண்ணெய்தான். ஆனால் காற்றடித்துப் பற்றவைத்தால் நீலமாக, உஸ்ஸென்று, புகையே இல்லாமல் எரியும். அதனால் தோட்டத்தில் அதற்குப் பெயர் கேஸ் அடுப்பு. மேலே இரண்டு வாய். கீழே ரொட்டியும் இறைச்சியும் வாட்டுவதற்குக் கம்பித் தட்டு. முன்பக்கம் நடுவில், உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளை வில்லை. ஒரு காலத்தில் அதில் ஏதோ சின்னம் இருந்திருக்கிறது. இப்போது எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் ஏறி, தேய்ந்துபோய், சுட்ட அப்பளம் மாதிரி இருந்தது.

புஷ்பவள்ளி அடுப்பை ஒரு சுற்று சுற்றி வந்தாள். தொட்டுப் பார்த்தாள். அவளுக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்று சொல்ல வேண்டும். வேலிக்கு வெளியே விறகு பொறுக்கப் போகக் கூடாது என்று உத்தரவு. உள்ளே கிடைப்பது பச்சை ரப்பர்க் கட்டை. அது எரிகிற நேரத்தைவிட அழுகிற நேரம்தான் அதிகம். கூடவே உட்கார்ந்து அவளும் அழுதுகொண்டிருந்தாள். ஆறு மாதமாக அவள் கண் சிவப்பு மாறவில்லை.

"நம்ம குசினிக்குத்தானேங்க?" என்றாள்.

"குசினிக்கா?" தர்மலிங்கம் சிரித்தார். "இது அலோர் ஸ்டாருக்குப் போகுது. ஷம்சுதீன் பாய் ரொட்டிக் கடைக்கு. அவர்கிட்ட ரெண்டாவதா ஒரு ரேடியோ சும்மா கெடக்கு. அடுப்பைக் கொடுத்து ரேடியோவை வாங்கப் போறேன்!"

அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஆறு மணிக்கு மேல் வீட்டைவிட்டு வெளியே போக முடியாது. பன்னிரண்டு மணி நேரம் ஒரே வீட்டுக்குள், ஒரே குரலைக் கேட்டுக்கொண்டிருப்பது எப்படி? இரண்டாவதாக ஒரு குரல் வேண்டும். வேண்டாதபோது குமிழைத் திருகி அணைக்கக்கூடிய குரலாக இருந்தால் நல்லது.

புஷ்பவள்ளி அடுப்பிலிருந்து கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, "நல்லதாப் போச்சு. கொண்டு போயிக் கொடுத்துருங்க. எனக்கு இந்த அடுப்பே வேணாம்" என்றாள்.

தர்மலிங்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொடுத்துவிடுங்கள் என்கிறாள். விரதப்படி பார்த்தால் கொடுக்கக் கூடாதே! பக்கத்து வீட்டு வேலியோரமாக ஓடினார்.

"அழகேசா! கொடுன்னு சொல்லிட்டாடா. இப்ப நான் வச்சுக்கணுமா?"

அழகேசன் நாடி பார்ப்பவன்போலக் கண்ணை மூடி யோசித்தான். "இல்லைண்ணே. அக்கா சொல்றதுக்கு முன்னாடியே நீங்க எடுத்த முடிவு இது. முன்னாடி எடுத்த முடிவுக்கு விரதம் செல்லாது. அக்கா புதுசாச் சொல்றதுக்குத்தான் செல்லும்."

தர்மலிங்கத்துக்கு உயிர் வந்தது. அடுத்த வாரம் ஸ்டோருக்குச் சாமான் எடுக்க அலோர் ஸ்டார் போனபோது நேராக ஷம்சுதீன் கடைக்குப் போனார்.

ஷம்சுதீன் பாய் எதையும் அரைகுறையாகச் செய்கிற மனிதர் இல்லை. "கிராணியாரே, அடுப்பை நான் உள்ள வைக்கப் போறதில்ல. கடை வாசல்ல வைக்கப் போறேன். வர்றவன் மொதல்ல அடுப்பைப் பாக்கணும், அப்புறம்தான் ரொட்டியைப் பாக்கணும். முன்னாடி வில்லை இருக்குன்னீங்களே, என்ன சின்னம்?"

"தேஞ்சு போச்சு பாய். சொரண்டிப் பாக்கணும்."

"பாருங்க. பளபளன்னு இருந்தா ஞாயித்துக்கெழமை கொண்டாங்க, ரேடியோவைத் தூக்கிட்டுப் போங்க. மொட்டை அடுப்பா இருந்தா எனக்கு வேணாம்."

புதன்கிழமை வேலை முடிந்ததும் தர்மலிங்கம் வில்லையோடு உட்கார்ந்தார். நான்கு திருகாணியையும் எண்ணெய் விட்டு ஊறவைத்துக் கழற்றினார். சுடுதண்ணீரில் சோடாவைப் போட்டு வில்லையை ஊறவைத்தார். புளியும் சாம்பலும் சேர்த்துத் தேய்த்தார். எலுமிச்சம்பழத்தால் தேய்த்தார். கோடுகளுக்குள் உறைந்திருந்த பிசுக்கை, புஷ்பவள்ளியின் தையல் ஊசியால் நோண்டி நோண்டி எடுத்தார்.

முதலில் ஒரு சிறகு தெரிந்தது. "கழுகு!" என்று கத்தினார். அந்தப் பக்கம் இன்னொரு சிறகு. "ரெட்டைக் கழுகு!" நடுவில் ஒரு முனை தலைகாட்டியது. "மூக்கு!" பிறகு இன்னொரு முனை. இன்னொன்று. ஒரு கழுகுக்கு ஐந்து மூக்கு இருக்க முடியாது என்று புரிந்ததும் துள்ளி எழுந்தார்.

"புஷ்பம்! ஓடிவா! நட்சத்திரம்! ரெக்கை வச்ச நட்சத்திரம்! அலோர் ஸ்டாருக்கே ஸ்டாரைக் கொண்டுபோறேன் பாரு!"

புஷ்பவள்ளி கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். பித்தளை தங்கமாக மின்னியது. நட்சத்திரத்துக்குள்ளும் சிறகுக்குள்ளும் பழைய எனாமல் உதிர்ந்து, வெறும் பள்ளமாக இருந்தது. அங்கே வர்ணம் நிரப்ப வேண்டும். ஸ்டோரில் மூன்று டின் இருந்தது. தீயணைக்கும் வாளிக்கு அடிக்கிற சிவப்பு, லாரி நம்பர் எழுதுகிற மஞ்சள், எதற்கென்று யாருக்கும் தெரியாத நீலம்.

"ரெக்கைக்கு நீலம். நட்சத்திரத்துக்கு என்ன?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

"மஞ்சள்" என்றாள் புஷ்பவள்ளி. "நட்சத்திரம்னா மஞ்சள்தான்."

"ஓகோ."

"செவப்பு மட்டும் வேணாங்க. கண்டிப்பாச் சொல்றேன். எது அடிச்சாலும் அடிங்க, செவப்பு அடிக்கக் கூடாது."

"ஏன்? செவப்புக்கு என்ன?"

"எனக்குப் பிடிக்கல. அவ்வளவுதான்."

தர்மலிங்கத்தின் கை தானாகவே சிவப்பு டின்னுக்குப் போனது. இதைவிடத் தெளிவாக ஒரு மனைவி உத்தரவு போட முடியுமா? உத்தரவு எவ்வளவு கண்டிப்போ, மீறுகிற சுகமும் அவ்வளவு. தீக்குச்சி முனையைத் தட்டையாகச் சீவி, சொட்டுச் சொட்டாக வர்ணத்தை எடுத்து, கோடு தாண்டாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு நிரப்பினார். காயவைத்தார். மறுநாள் இன்னொரு பூச்சு. வெள்ளிக்கிழமை அதன்மேல் வார்னிஷ். பன்னிரண்டு வருஷத்தில் அவர் இவ்வளவு கவனமாக ஒரு வேலையைச் செய்து புஷ்பவள்ளி பார்த்ததில்லை.

சனிக்கிழமை வில்லையை அடுப்பில் பூட்டினார். ரத்தினக் கல் பதித்ததுபோல் ஜொலித்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"கடைசியில செவப்பையே அடிச்சிட்டீங்களா!" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தோள் குலுங்கியது. பாவம், அழுகிறாள் என்று நினைத்தார். கொஞ்சம் இரக்கமாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. சைக்கிளின் பின்னால் சாக்கு சுற்றிய அடுப்பு. பீடோங்கில் பஸ் பிடித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் அலோர் ஸ்டார். சாயங்காலம் வீட்டில் ரேடியோ. மனத்துக்குள் இப்போதே நாகசுரம் வாசித்தது. விசிலடித்துக்கொண்டே சைக்கிளை உருட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்தார்.

கேட்டில் கார்ப்பரல் மூசா. ஸ்பெஷல் போலீஸ். நல்ல மனிதர். தினமும் தர்மலிங்கத்துக்கு சலாம் சொல்கிறவர். இன்றும் சொன்னார். சொல்லிக்கொண்டே சாக்கை விலக்கினார்.

காலை வெயில் நேராக வில்லையில் விழுந்தது.

மூசாவின் கை அந்தரத்தில் நின்றது. "அப்பா இனி?" என்றார்.

இது என்ன என்று மலாயில் கேட்கிறார். ஆனால் அவர் கேட்ட தொனியில் தர்மலிங்கத்துக்கு அது தமிழாகவே கேட்டது. அப்பா, இனி உன் கதி?

"டாப்புர், துவான். அடுப்பு ஐயா."

"இது?" மூசா வில்லையைத் தொடாமல் விரலைக் காட்டினார்.

"பிந்தாங். நட்சத்திரம்."

"என்ன நெறம்?"

"மேரா... செவப்பு."

"பிந்தாங் மேரா!" என்று மூசா போட்ட சத்தத்தில், காவல் கொட்டகைக்குள் பல் விளக்கிக்கொண்டிருந்த ஆறு போலீஸ்காரர்களும் வாயில் நுரையும் கையில் துப்பாக்கியுமாக ஓடிவந்தார்கள். சிவப்பு நட்சத்திரம்! ஐந்து முனைச் சிவப்பு நட்சத்திரம்! காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகள் தொப்பியில் குத்திக்கொள்கிற அதே சின்னம்! அடுப்பை இறக்கி நடு ரோட்டில் வைத்து, பத்தடி தள்ளி வட்டமாக நின்றார்கள். வெடித்தாலும் வெடிக்கும் என்றான் ஒருவன். வட்டம் இருபது அடியானது.

"கிராணி, இது யாருக்குப் போகுது? காட்டுல யாரு ரொட்டி சுடப்போறா?"

"காட்டுக்கு இல்லை துவான்! அலோர் ஸ்டாருக்கு! ஸ்டாருக்கு ஸ்டார்..." என்று ஆரம்பித்தவர், அந்தச் சிலேடை இந்த இடத்துக்குப் பொருந்தாது என்று பாதியில் நிறுத்தினார். வெள்ளைச் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. இந்தத் தடவை மழையில்லை. பீடோங் ஸ்டேஷனுக்குப் போன் போடலாமா என்று மூசா யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது. போன் போட்டால் ஜீப் வரும். ஜீப் வந்தால் அதில் ஏற வேண்டியவர் யார் என்பதும் தெரிந்தது.

அப்போது புஷ்பவள்ளி வந்தாள். ஒரு கையில் கெட்டில். மறு கையில் கூடை. கூடைக்குள் மண்ணெண்ணெய்ப் புட்டி, தீப்பெட்டி, தேயிலை, பால் டின், ஒரு ரொட்டி. பதறி ஓடிவந்த பெண் இவ்வளவையும் எப்படி எடுத்துவைத்தாள் என்று யோசிக்கிற நிலையில் தர்மலிங்கம் இல்லை.

"என்ன தம்பி மூசா, அடுப்பைப் பாத்தா பயம்?" என்று கேட்டுக்கொண்டே வட்டத்துக்குள் நடந்து போனாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். எண்ணெய் ஊற்றினாள், காற்றடித்தாள், பற்றவைத்தாள். உஸ்ஸென்று நீலத் தீ எழுந்தது. கெட்டிலை வைத்தாள். கீழே தட்டில் ரொட்டியை அடுக்கினாள். வாட்டிய ரொட்டி மணம் கிளம்பியது. வட்டம் பதினைந்து அடியானது. பத்தானது. பால் டின்னைத் திறந்தபோது வட்டமே இல்லை.

"இந்த மனுஷன் நட்சத்திரமே சரியில்ல தம்பி. என்ன செய்ய?" என்றாள்.

மூசா ரொட்டியைக் கடித்துக்கொண்டே ரிப்போர்ட் புத்தகத்தை எடுத்தார். தின்றாலும் சட்டம் சட்டம்தான். "சாமான் யாருடையது? சியாப்பா பூஞா?"

"சாயா" என்றாள் புஷ்பவள்ளி.

மலாயில் சாயா என்றால் நான். தர்மலிங்கம் இருந்த கலக்கத்தில் அவர் காதில் விழுந்தது, மலையாளி மண்டோர் தேத்தண்ணிக்குச் சொல்கிற சாயா. கூடக் கொஞ்சம் கொடுத்துச் சமாதானம் செய்கிறாள் என்று நினைத்தார்.

"பெத்துல்? உண்மையா கிராணி?"

"பெத்துல், பெத்துல்! சாயா! நல்ல சாயா!" என்று வேகவேகமாகத் தலையாட்டினார். நீட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டார்.

மூசா எழுதியதை வாசித்துக் காட்டினார். அடுப்பு ஒன்று. சிவப்பு நட்சத்திரம் உள்ளது. சொந்தக்காரி புஷ்பவள்ளி. புருஷன் சாட்சி. வேலிக்கு உள்ளே, இன்ன நம்பர் வீட்டுச் சமையலறையில் இருக்க வேண்டும். வெளியே போகக் கூடாது. வாரம் ஒரு தடவை போலீஸ் நேரில் வந்து பார்க்கும்.

"துவான், வில்லையை மஞ்சளா மாத்திடறேனே?"

"எழுதியாச்சு. இனி மாத்தினா, சாட்சியை அழிச்ச குத்தம்."

"எதுவரைக்கும் துவான்?"

"எமர்ஜென்சி முடியற வரைக்கும்."

அது முடிய இன்னும் எட்டு வருஷம் இருந்தது என்பது அன்று யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருந்ததே நல்லது. தர்மலிங்கம் ரோட்டிலேயே உட்கார்ந்திருப்பார்.

அடுப்பு சைக்கிளில் வீடு திரும்பியது. ஷம்சுதீன் பாய் மூன்று வாரம் பார்த்துவிட்டு ரேடியோவை மச்சானுக்குக் கொடுத்துவிட்டார். தர்மலிங்கம் வேலியோரம் போய் நின்று குமுறினார்.

"அழகேசா, விரதத்தைப் பத்தி யார்கிட்டடா சொன்ன?"

"சத்தியமா ஒருத்தர்கிட்டயும் சொல்லலைண்ணே. இராசாத்திகிட்ட மட்டும்தான்."

"உன் பெண்சாதிகிட்டயா!"

"அவ கேட்டா. நான் என்னண்ணே செய்யறது? அவ கேட்டு நான் சொல்லாம இருந்ததில்லையே."

"எப்பச் சொன்ன?"

"மொதநாளே."

தர்மலிங்கத்துக்குக் கூரை ஓட்டை ஞாபகம் வந்தது. கோழித் தொடை ஞாபகம் வந்தது. நேராகக் குசினிக்குப் போனார். புஷ்பவள்ளி கேஸ் அடுப்பில் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். புகையில்லை. இருமலில்லை. ஆறு மாதத்தில் முதல் தடவையாக அவள் கண் வெள்ளையாக இருந்தது. சண்டை போட வந்தவர் அதைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார்.

"செவப்பு அடிச்சா வம்பு வரும்னு உனக்கு முன்னாடியே தெரியும்தானே?"

"தோட்டத்து ஆளுங்க எல்லாருக்கும் தெரியுங்க. போன மாசம் கொட்டகையில கூட்டம் போட்டு, போலீஸ்காரங்க அந்தத் தொப்பியைத் தூக்கித் தூக்கிக் காட்டினாங்களே."

"நான் பாக்கலையே?"

"முன் வரிசையில ஒக்காந்து தூங்கிட்டு இருந்தீங்க. எழுப்ப வேணாம்னு விட்டுட்டேன்."

"அப்ப என்னை மாட்டிவிட்டது நீ!"

"நானா? செவப்பு வேணாம், வேணாம்னு எத்தனை தடவை சொன்னேன்!"

தர்மலிங்கம் தட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சாப்பாடு வேறு பிரமாதமாக இருந்தது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது அவருக்குள் ஒரு மின்னல் அடித்தது. நான் மாற்றிச் செய்வேன் என்று தெரிந்துதானே அவள் மாற்றிச் சொல்கிறாள்? அப்படியானால் அவள் சொன்னதை அப்படியே செய்துவிட்டால்? வகையாக மாட்டிக்கொள்வாள்! அடடா! இது முன்னாடியே தோன்றாமல் போயிற்றே! அழகேசனிடம்கூடச் சொல்லக் கூடாது. நாளைக்கே ஆரம்பிக்க வேண்டும். சந்தோஷத்தில் அவருக்கு உடம்பெல்லாம் பரபரத்தது.

மறுநாள் காலையில் புஷ்பவள்ளி, "என்னங்க, பைப்புல தண்ணி வருது. எடுத்துட்டு வாங்க" என்றாள்.

மாட்டினாள்! தர்மலிங்கம் இரண்டு கையிலும் வாளியைத் தூக்கிக்கொண்டு, சிரிப்பை அடக்கமாட்டாமல் ஓடினார்.

ஏழாவது நடையில்தான் அவருக்கு லேசாகச் சந்தேகம் வந்தது.